முதலில் சிவப்பு நிழல் போடுங்கள்

சிவகாசியில் டிடிபி வேலை பார்த்த காலத்தில் நிழல் போடுவது எனக்குக் கைப்பழக்கம். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு, பட்டாசுப் பெட்டி லேபிளில் ராக்கெட்டுக்கு, தினசரி காலண்டர் அட்டையில் சாமி படத்துக்கு என்று எதுவானாலும் போட்டோஷாப்பில் லேயரை இரண்டு முறை கிளிக் செய்து ட்ராப் ஷேடோவில் ஒரு டிக் போட்டால் போதும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பம் வெளியாகும் ஊர் அது. அதற்கு முந்திய வாரங்களில் தூங்க நேரம் இருக்காது. அந்த அவசரத்திலும் கடை அண்ணாச்சி ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். முருகன் படத்துக்கு நிழல் வலப்பக்கமும், கீழே கம்பெனி பெயருக்கு இடப்பக்கமும் விழுந்திருந்தால் பிரின்ட் அவுட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "ஒரு தாளுக்கு ஒரு சூரியன்தாம்பா" என்பார்.

ஒரு நாள் மேசை மேல் விசிட்டிங் கார்டு ஒன்றை வைத்து, அதன் ஒரு ஓரத்தை விரலால் மெல்லத் தூக்கிக் காட்டினார். கார்டு மேசையை ஒட்டி இருக்கிற இடத்தில் நிழல் ஒல்லியாக, கறுப்பாக, கூர்மையாக இருந்தது. தூக்கிய ஓரத்தில் அகலமாகி, வெளுத்து, கலங்கிப் போயிருந்தது. பொருள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை நிழல்தான் சொல்கிறது என்று அன்று கண்ணால் படித்தேன். அந்தக் கண் வெப் டிசைனுக்கு வந்த பிறகும் உதவியது. அந்த மவுஸ் பழக்கம் மட்டும் உதவவில்லை.

2011-இல் மதுரையில் ஒரு சிறிய வெப் டிசைன் நிறுவனத்தில் சேர்ந்தேன். பகலில் பேனர் டிசைன் செய்வது, மாலையில் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் படிப்பது என்று ஏற்பாடு. கற்றுக்கொடுத்தவர் அங்கே சீனியராக இருந்த ஒரு அக்கா. நான் நிழலைப் பற்றிக் கேட்டதும், "நல்ல சமயத்துலதான் வந்திருக்கீங்க தம்பி" என்றார்.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதுவரை வெப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கு நிழல் வேண்டுமென்றால் பெரும்பாலும் படமாகத்தான் வைக்க வேண்டியிருந்தது. நான்கு மூலை, நான்கு பக்கம் என்று எட்டுத் துண்டாக நிழலை வெட்டி, பெட்டியைச் சுற்றி அடுக்குவார்கள். வாடிக்கையாளர் நிறத்தை மாற்றச் சொன்னால் எட்டுத் துண்டையும் மறுபடி வெட்ட வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் நிழல் என்கிற எண்ணம் பழையது. 1998-இல் வந்த சிஎஸ்எஸ் 2-இலேயே எழுத்துக்கான டெக்ஸ்ட்-ஷேடோ இருந்தது. பிரவுசர்கள் அதைச் செய்து காட்டாததால் 2.1 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். பெட்டிக்கான பாக்ஸ்-ஷேடோ பின்னால் வந்தது. அதையும் ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு முன்னொட்டு, சஃபாரிக்கும் குரோமுக்கும் இன்னொரு முன்னொட்டு என்று வரியைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 2011 மார்ச்சில் குரோம் 10, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9, ஃபயர்ஃபாக்ஸ் 4 மூன்றும் ஒரே மாதத்தில் வெளிவந்தன. மூன்றுமே முன்னொட்டு இல்லாத பாக்ஸ்-ஷேடோவை ஏற்றுக்கொண்டன. எட்டுத் துண்டுப் படத்துக்குப் பதில் ஒரே ஒரு வரி போதும் என்றானது.

அந்த ஒரு வரியில் ஒரு மதியம் முழுவதும் மாட்டிக்கொண்டேன்.

தொடர்புப் படிவத்தில் 'அனுப்பு' என்று ஒரு பட்டன். அதற்கு 3, 3, 8 என்று மூன்று எண்ணும் ஒரு கறுப்பு நிறமும் எழுதி நிழல் கேட்டேன். வரவில்லை. 3-ஐ 5 ஆக்கினேன், 8-ஐ 20 ஆக்கினேன், நிறத்தை இன்னும் அழுத்தமாக்கினேன். ஒவ்வொரு முறையும் ரிஃப்ரெஷ் செய்து, கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. அக்கா டீ குடித்துவிட்டு வந்து என் பின்னால் நின்று பார்த்தார். என் வரியை அவர் தொடவே இல்லை. அதன் கீழே புதிதாக ஒரு வரி அடித்தார். பாக்ஸ்-ஷேடோ, 0, 0, 0, 10 பிக்சல், சிவப்பு. ரிஃப்ரெஷ் செய்ததும் பட்டனைச் சுற்றித் தடித்த சிவப்பு வளையம் ஒன்று பளிச்சென்று வந்து நின்றது.

"பட்டன் நல்லா இருக்கு. பிரவுசரும் நல்லா இருக்கு. உங்க வரிதான் அங்க போய்ச் சேரலை. இப்ப உங்க வரிக்கும் என் வரிக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே பாருங்க."

வித்தியாசம் 'பிக்சல்' என்கிற ஒரு சொல்தான். போட்டோஷாப்பில் 3 என்று அடித்தால் பக்கத்தில் பிக்சல் தயாராக நிற்கும். சிஎஸ்எஸ்ஸில் அளவோடு அலகையும் நாம்தான் எழுத வேண்டும். பூஜ்யத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அலகு இல்லாத எண் ஒன்று இருந்தாலும் அந்த வரி முழுவதும் செல்லாது. பிரவுசர் எச்சரிக்கை எதுவும் தராது. புரியாத வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. பிழை இருந்தால் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். பக்கத்து மேசையில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 இருந்த பழைய கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்து காட்டினார் அக்கா. அந்த பிரவுசருக்கு பாக்ஸ்-ஷேடோ என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் பக்கம் உடையவில்லை. நிழல் இல்லாமல் பட்டன் ஒழுங்காக நின்றது. புரியாததை விட்டுவிடு என்கிற விதி இருப்பதால்தான் புதிய சிஎஸ்எஸ் எழுதிய பக்கம் பழைய பிரவுசரிலும் திறக்கிறது. என் பிழையை மறைத்தது அதே விதிதான். அன்றிலிருந்து பிரவுசரின் மௌனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குள் என்ன நடந்திருக்கும் என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

எப்படிக் கேட்பது என்பதையும் அக்கா ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். நிழல் காணோம் என்றால் நான்கு கேள்விகள். வரி பிரவுசரிடம் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்த வரியை வேறு வரி எதுவும் அழித்ததா? வரைந்த நிழல் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தில் இருக்கிறதா? தெரிய வேண்டிய நிழலை யாராவது வெட்டுகிறார்களா, மறைக்கிறார்களா? இந்த நான்கையும் பிரித்துக் காட்டுவதற்குத்தான் அந்தச் சிவப்பு வளையம். அதில் முதல் இரண்டு எண்கள் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நகர்த்தும் தூரம். மூன்றாவது கலங்கல், அதாவது பிளர். நான்காவது பரவல், அதாவது ஸ்ப்ரெட். நகர்வும் கலங்கலும் பூஜ்யம், பரவல் 10 என்றால் பெட்டியைச் சுற்றி ஒரே கனத்தில் அழுத்தமான வளையம் வர வேண்டும். முழுதாக வந்தால் பெட்டியிலும் அக்கம்பக்கத்திலும் குறையில்லை, நம் எண்ணிலோ அலகிலோ நிறத்திலோதான் பிழை. ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால் யாரோ வெட்டுகிறார்கள், அல்லது மறைக்கிறார்கள். அறவே வரவில்லையென்றால் வரி போய்ச் சேரவில்லை, அல்லது வேறு வரி அதை அழித்துவிட்டது, அல்லது நான்கு பக்கமும் மறைபடுகிறது.

முதல் கேள்வியில் நான் விழுந்த இடங்கள் பல. முந்திய வரியின் கடைசியில் அரைப்புள்ளியை விட்டிருப்பேன், அது அடுத்து வரும் நிழல் வரியையும் சேர்த்து விழுங்கியிருக்கும். எண்களுக்கு நடுவே காற்புள்ளி போட்டிருப்பேன். ஒரு நிழலுக்கும் அடுத்த நிழலுக்கும் நடுவில்தான் காற்புள்ளி வர வேண்டும், ஒரே நிழலின் அளவுகளுக்கு நடுவில் இடைவெளி மட்டும்தான். கலங்கலுக்குக் கழித்தல் எண் கொடுத்திருப்பேன். நகர்வுக்கும் பரவலுக்கும் கழித்தல் எண் செல்லும், கலங்கலுக்குச் செல்லாது. பெட்டியில் எழுதிப் பழகிய நான்கு எண்ணை டெக்ஸ்ட்-ஷேடோவுக்கும் எழுதியிருப்பேன். அதற்குப் பரவல் கிடையாது, மூன்றோடு நிறுத்த வேண்டும். இதில் எது நடந்தாலும் விளைவு ஒன்றுதான். வரி முழுவதும் போய்விடும்.

இன்றைக்குக் கற்பவர்களுக்கு நல்ல வசதி இருக்கிறது. குரோமில் பட்டன் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்தால், ஸ்டைல்ஸ் பகுதியில் செல்லாத வரியின் மேல் கோடு கிழித்து, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் காட்டும். கோடு மட்டும் இருந்து முக்கோணம் இல்லையென்றால் வரி சரிதான், வேறொரு விதி அதை ஜெயித்துவிட்டது என்று பொருள். இந்த இரண்டு கோட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே முதல் இரண்டு கேள்விக்கும் பத்து நொடியில் பதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது கேள்வியை நான் கற்றது ஒரு ஜவுளிக் கடைப் பக்கத்தில். சேலை படம் உள்ள ஒவ்வொரு அட்டைக்கும் மென்மையான நிழல் போட்டிருந்தேன். வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த அட்டையைச் சுற்றி 3 பிக்சல் நீல வளையம் வர வேண்டும் என்று இன்னொரு கிளாஸில் பாக்ஸ்-ஷேடோ எழுதினேன். நீல வளையம் வந்தது, மென்மையான நிழல் போய்விட்டது. போட்டோஷாப்பில் ட்ராப் ஷேடோவும் அவுட்டர் க்ளோவும் ஒன்றாக இருக்கும். சிஎஸ்எஸ்ஸில் ஒரு பெட்டிக்கு பாக்ஸ்-ஷேடோ என்று ஒரே மதிப்புதான். புதிய விதி பழையதோடு சேராது, பழையதை எடுத்துவிட்டு உட்காரும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு இரண்டையும் எழுத வேண்டும். முதலில் எழுதுவது மேலே இருக்கும்.

மூன்றாவது கேள்வி நிறம். கருநீலப் பட்டன், அதில் வெள்ளை எழுத்து, வெள்ளைப் பக்கம். எண்ணெல்லாம் சரி, அலகும் சரி, கோடும் விழவில்லை, நிழல் மட்டும் இல்லை. சிவப்பு வளையம் போட்டால் முழுதாக வருகிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் கண்டேன். நிழலுக்கு நான் நிறம் எழுதவே இல்லை. நிறம் எழுதாவிட்டால் அந்தப் பெட்டியின் எழுத்து நிறத்தையே பிரவுசர் எடுத்துக்கொள்ளும். எழுத்து வெள்ளை, ஆகவே நிழலும் வெள்ளை, தரையும் வெள்ளை. நிழல் அங்கேதான் இருந்தது. அதே போல் ஒளிபுகா அளவை 0.25 என்று எழுத வேண்டிய இடத்தில் 25 என்று எழுதினால் பிரவுசர் அதை 1 ஆக்கி முழுக் கறுப்பு தந்துவிடும். இப்போது பக்கங்களுக்கு இருண்ட தோற்றமும் கேட்கிறார்கள். கறுப்புத் தரையில் கறுப்பு நிழல் தெரியாது. அங்கே நிழலை அழுத்திப் பயனில்லை, மேலே நிற்கிற பெட்டியின் நிறத்தைச் சற்று வெளுக்க வைக்க வேண்டும்.

நான்காவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. என் அனுபவத்தில் அதிக நேரம் தின்றதும் அதுதான்.

அதே ஜவுளிக் கடைப் பக்கத்தை போனுக்காக மாற்றியபோது, அட்டைகளை ஒரே வரிசையில் வைத்து விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும்படி செய்தேன். அட்டைகளை உள்ளடக்கிய வெளிப் பெட்டிக்கு, அதாவது பேரன்ட்டுக்கு, ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கொடுத்தேன். வரிசை அழகாக நகர்ந்தது. ஆனால் ஒவ்வொரு அட்டையின் அடி நிழலும் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் நேர்கோட்டில் நின்றது. சிவப்பு வளையம் போட்டேன். இரண்டாவது அட்டையின் இடமும் வலமும் சிவப்பு இருந்தது. மேலும் கீழும் இல்லை. நான் பக்கவாட்டுக்கு மட்டும்தானே ஆட்டோ கொடுத்தேன், மேலும் கீழும் ஏன் வெட்டுகிறது?

காரணம் சிஎஸ்எஸ் விதியிலேயே இருக்கிறது. ஓவர்ஃப்ளோவில் ஒரு திசைக்கு ஆட்டோவோ ஸ்க்ரோலோ ஹிட்டனோ கொடுத்தால், மற்றத் திசை விசிபிள் ஆகவே இருக்க முடியாது. பிரவுசர் அதையும் ஆட்டோ ஆக்கிவிடும். நிழல் பக்கத்தில் இடம் பிடிக்கிற பொருளும் இல்லை. பெட்டியின் அளவைக் கணக்கிடும்போது பிரவுசர் நிழலைச் சேர்ப்பதே இல்லை. அதனால் நிழலுக்காக ஸ்க்ரோல் பாரும் வராது, வெட்டு மட்டும் விழும். வெட்டு பேரன்ட்டின் பேடிங் முடிகிற ஓரத்தில் விழும் என்பதுதான் தப்பிக்கும் வழி. பேரன்ட்டுக்கு அடியில் 24 பிக்சல் பேடிங் கொடுத்தேன், நிழலுக்கு இடம் கிடைத்தது. கீழே உள்ள பகுதி 24 பிக்சல் தள்ளிப் போகாமலிருக்க, பேரன்ட்டுக்கு அடி மார்ஜின் கழித்தல் 24 கொடுத்தேன். முடிந்தது.

வெட்டுகிறவர் யார் என்று தெரியாதபோது செய்ய வேண்டியது இதுதான். இன்ஸ்பெக்ட்டில் பெட்டியில் தொடங்கி, பேரன்ட், அதன் பேரன்ட் என்று ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். ஓவர்ஃப்ளோ எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் அந்த வரிக்கு முன்னால் உள்ள டிக்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தால் சிவப்பு முழுதாக வருகிறதோ அதுதான் கத்தரிக்கோல். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டை எடுத்தால் எது காரணம் என்று தெரியாது.

வெட்டுவது ஒன்று, மறைப்பது இன்னொன்று. தலைப்புப் பட்டைக்கு அடியில் நிழல் போட்டிருப்போம். அதை ஒட்டிக் கீழே பெரிய பேனர் படம். எச்டிஎம்எல்லில் பின்னால் வருவதை பிரவுசர் பிறகு வரைகிறது, ஆகவே பேனர் நிழலின் மேல் உட்கார்ந்துவிடும். பட்டைக்கு பொசிஷன் ரிலேட்டிவும் இசட்-இண்டெக்ஸ் 1-உம் கொடுத்தால் மேலே வரும். பொசிஷன் கொடுக்காமல் இசட்-இண்டெக்ஸை மட்டும் கொடுத்தால் சாதாரணப் பெட்டிக்கு அது வேலை செய்யாது. சிலர் 9999 வரை போவார்கள். அப்படியும் மேலே வரவில்லையென்றால் பேரன்ட்டைப் பாருங்கள். அதற்கு ஒபாசிட்டி 1-க்குக் குறைவாகவோ, ட்ரான்ஸ்ஃபார்மோ கொடுத்திருந்தால் அது தனி அடுக்காகிவிடும். போட்டோஷாப்பில் ஒரு குரூப்புக்குள் இருக்கிற லேயரை அந்த குரூப்புக்குள்தான் மேலே தூக்க முடியும், வெளியே இருக்கிற லேயரைத் தாண்டாது. இதுவும் அதே கணக்குதான். டிடிபி கடையில் கற்ற அந்தப் பழக்கம் இங்கே எனக்கு உடனே கை கொடுத்தது.

போட்டோஷாப்பிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். அங்கே வெளிச்சம் வருகிற கோணத்தையும் தூரத்தையும் கொடுப்போம். சிஎஸ்எஸ்ஸில் நிழல் விழுகிற இடத்தைக் கொடுக்க வேண்டும். கோணம் 120 டிகிரி, தூரம் 10 பிக்சல் என்றால் வெளிச்சம் இட மேற்புறத்திலிருந்து வருகிறது. நிழல் வலப்பக்கம் 5 பிக்சலும் கீழே கிட்டத்தட்ட 8.7 பிக்சலும் தள்ளி விழும். பள்ளியில் படித்த சைன், கோசைன்தான். போட்டோஷாப்பின் குளோபல் லைட் போல எல்லா நிழலையும் ஒரே திசையில் கட்டி வைக்கிற வசதி சிஎஸ்எஸ்ஸில் தானாக இல்லை. பட்டனுக்கு ஒருவர், அட்டைக்கு ஒருவர், மெனுவுக்கு ஒருவர் எழுதினால் ஒரே பக்கத்தில் மூன்று சூரியன் வந்துவிடும். அண்ணாச்சியின் விதியை நாமேதான் காக்க வேண்டும். நான் பக்கத்துக்கு மூன்று உயரம் மட்டும் முடிவு செய்து, மூன்று நிழலையும் சிஎஸ்எஸ் வேரியபிளாக ஸ்டைல்ஷீட்டின் தலையில் எழுதிவிடுவேன். வேறு எங்கும் புதிதாக நிழல் எழுத மாட்டேன்.

2014-இல் கூகுள் மெட்டீரியல் டிசைனை வெளியிட்டது. அதன் வெப் கோடில் ஒரே பெட்டிக்கு மூன்று நிழல்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தபோது விசிட்டிங் கார்டு ஞாபகம் வந்தது. கூர்மையான கருநிழல் ஒன்று, அதைச் சுற்றிய புறநிழல் ஒன்று, அறை வெளிச்சத்தால் எல்லாப் பக்கமும் லேசாகப் பரவும் நிழல் ஒன்று. டியூப் லைட் வெளிச்சத்தில் மேசை மேல் அண்ணாச்சி காட்டியது அதைத்தான். ஒரே ஒரு அழுத்தமான நிழல் போட்டால் பெட்டி ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். லேசான இரண்டு மூன்றை அடுக்கினால் எழுந்து நிற்கும்.

படங்களில் வேறு சிக்கல். பின்னணி நீக்கிய குத்துவிளக்குப் படத்துக்கு பாக்ஸ்-ஷேடோ போட்டால் விளக்குக்கு நிழல் வராது, அதைச் சுற்றிய கண்ணுக்குத் தெரியாத செவ்வகத்துக்கு வரும். பெயரிலேயே பாக்ஸ் என்று இருக்கிறது. விளக்கின் வடிவத்துக்கு நிழல் வேண்டுமென்றால் ஃபில்டரில் ட்ராப்-ஷேடோ எழுத வேண்டும். அது ஒளிபுகும் இடத்தை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் பின்தொடரும். கிளிப்-பாத் வைத்து வெட்டிய வடிவத்துக்கு அதே பெட்டியில் எந்த நிழல் போட்டாலும் சேர்ந்து வெட்டுப்படும். அப்போது ட்ராப்-ஷேடோவை பேரன்ட்டுக்குக் கொடுங்கள்.

இதுவரை சொன்னவை நிழல் வராத கதைகள். நிழல் சரியாக வந்தும் பிழையான இரண்டு சம்பவங்கள் உண்டு. என் வேலையை மாற்றியவை அவை இரண்டும்தான்.

ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பக்கம் செய்தேன். முகப்பில் விளக்கு அலங்காரத்தோடு மண்டபத்தின் படம், அதன் மேல் வெள்ளை எழுத்தில் மண்டபத்தின் பெயரும் முகவரியும். படத்தின் மேல் எழுத்து எடுபட வேண்டுமென்று கறுப்பில் டெக்ஸ்ட்-ஷேடோ போட்டேன். நகர்வு 1 பிக்சல், கலங்கல் 4 பிக்சல். என் மானிட்டரில் நன்றாக இருந்தது. உரிமையாளரின் அப்பா தன் போனில் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, எழுத்து அழுக்கா இருக்கே" என்றார். போனை வாங்கி நானும் வெயிலில் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. 16 பிக்சல் எழுத்தில் புள்ளி என்பது 2 பிக்சல்கூடத் தேறாது. 'மண்டபம்' என்கிற சொல்லில் ண்-இன் மேலும் கடைசி ம்-இன் மேலும் இருந்த புள்ளிகள் கலங்கலில் கரைந்து போயிருந்தன. ண-வின் சுழிகளுக்குள் கறுப்பு நிரம்பி அது ன போலத் தெரிந்தது. ஆங்கில எழுத்துக்கு எழுதிய அளவை அப்படியே தமிழுக்குப் போட்டிருந்தேன். தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும்தான் பொருளைத் தாங்குகின்றன. அவற்றுக்குள் இருக்கும் வெற்றிடத்தை நிழல் நிரப்பினால் எழுத்தே மாறிவிடும்.

அன்று நிழலைக் குறைத்ததோடு நிற்கவில்லை. எழுத்துக்குப் பின்னால், படத்தின் அடிப்பகுதியில், கீழிருந்து மேலாக மறையும் ஒரு கறுப்பு கிரேடியன்ட் போட்டேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது வெப் அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி விதி சாதாரண அளவு எழுத்துக்குச் சொல்கிற கணக்கு. அதைப் பின்னணியை வைத்தே எட்டினேன். டெக்ஸ்ட்-ஷேடோவை முகவரியிலிருந்து எடுத்துவிட்டேன். பெரிய தலைப்புக்கு மட்டும் கலங்கல் 1 பிக்சல் வைத்தேன். அன்று முதல் சிறிய தமிழ் எழுத்துக்கு நான் நிழல் போடுவதில்லை.

இரண்டாவது சம்பவம் ஒரு விண்ணப்பப் படிவத்தில். கீபோர்டில் டேப் கீயை அழுத்தி நகரும்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று பிரவுசர் ஒரு கோடு போட்டுக் காட்டும். அது அழகாக இல்லையென்று அவுட்லைனை நீக்கிவிட்டு, பாக்ஸ்-ஷேடோவில் நீல வளையம் போட்டிருந்தேன். பார்வை குறைந்த ஒருவர் விண்டோஸில் ஹை கான்ட்ராஸ்ட் முறையில் அந்தப் படிவத்தைத் திறந்திருக்கிறார். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்த முறையில் பிரவுசர் நிறங்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, நிழல்களை எல்லாம் நீக்கிவிடும். என் நீல வளையமும் நிழல்தான், அதுவும் போய்விட்டது. தீர்வு ஒரு வரி. அவுட்லைனை நீக்காமல், 2 பிக்சலில், ஒளிபுகும் நிறத்தில் வைத்துவிட வேண்டும். சாதாரணத் திரையில் அது தெரியாது. ஹை கான்ட்ராஸ்ட் முறையில் பிரவுசர் அதற்கு நிறம் கொடுத்துக் காட்டிவிடும். ஒரு மனிதர் படிவத்தை நிரப்ப முடியாமல் திரும்பிப் போனதற்கு என் அழகுணர்ச்சி காரணமாகிவிட்டது என்பதை நான் மறக்கவில்லை. நிழல் அலங்காரம் மட்டுமாக இருக்கலாம். ஒரு செய்தியைச் சொல்ல நிழலை மட்டுமே நம்பக்கூடாது.

இப்போது என்னிடம் பிள்ளைகள் கற்க வருகிறார்கள். "அண்ணா, நிழல் வரல" என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அவர்கள் கை எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும், நான் செய்தது போலவே. அவர்களுக்கு நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். எண்ணைத் தொடாதீர்கள். முதலில் ஒரு சிவப்பு நிழல் போடுங்கள், கலங்கல் இல்லாமல், 10 பிக்சல் பரவலோடு. அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காரணம் தெரிந்ததும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், அதே பிழை ஆறு மாதம் கழித்து மறுபடி வரும்.

நிழல் வந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. பக்கத்தை ஒரு சாதாரண போனில் திறந்து, வீட்டில் வயதான ஒருவரிடம் கொடுத்து, வாசல் வெயிலில் நின்று படிக்கச் சொல்லுங்கள். அவர் தடங்கல் இல்லாமல் படித்தால் உங்கள் நிழல் சரி.